தெருவுக்குப் போகாத நோட்டீஸ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சோறு முடிந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பின்னாலேயே ஒரு பெண் குரல். "ஏனுங்க, ஊட்டுல யாருங்க?"

எட்டிப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், கையில் ஹெல்மெட்டோடு நின்றாள். புடவைக் கரையெல்லாம் ரோட்டுப் புழுதி. பல்லடத்திலிருந்து வருவதாகச் சொன்னாள். எனக்குப் புது ஆட்களிடம் பேச வராது. ஐம்பது வயது தாண்டியும் அந்தக் கூச்சம் போகவில்லை. எனக்கு மறந்துபோன ஏதோ உறவு, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, "வாங்க" என்று சொல்லிவிட்டு ஈரக்கையோடு நின்றேன்.

"நீங்க முந்தி சிங்காநல்லூர்ல அச்சாபீசுல எழுத்துக் கோக்கற வேலைல இருந்தீங்களாமா?"

ஆமாம் என்றேன். அதை என்னிடம் யாராவது கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

அவள் போனைத் திருப்பிக் காட்டினாள். ஒரு நோட்டீஸின் படம். ரோஸ் தாள், வெளுத்துப்போய் வெங்காயத் தோல் நிறத்துக்கு வந்திருந்தது. மில் கேட்டு முன்னால் பொதுக்கூட்டம். தலைமை இன்னார். பேசுகிறவர்கள் இன்னின்னார். எல்லாவற்றுக்கும் அடியில், எறும்பு எழுத்தில் எங்கள் அச்சாபீசின் பெயர்.

"கடைசீல இருக்கறது எங்கப்பா பேருங்க. திருமூர்த்தி. மில்லு சங்கத்துல செயலாளரா இருந்தாரு. இந்த நோட்டீச வெச்சுத்தானுங்க அவரு நிர்வாகத்துக்கு வெல போயிட்டாருன்னு புஸ்தகத்துல எழுதிட்டாங்க. இது தெருவுக்கே வரல, அச்சாபீசுலயே மாத்தி அடிச்சாங்க, கோத்த அம்மணிக்குத் தெரியும்னு அப்பா சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தாருங்க. இப்ப அந்தப் புஸ்தகத்தத் திரும்பப் போடறாங்களாமா. அதான் தேடிட்டு வந்தேன். அப்பா சொன்னது நெசமுங்களா?"

"நெசந்தாங்க" என்றேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் பார்த்தேன். போன் கண்ணாடியில் என்ன வாசனை வந்துவிடப் போகிறது? ஆனாலும் எனக்கு மண்ணெண்ணெய் வாசனை வந்தது.

அது எங்கள் அச்சாபீசின் வாசனை. அச்சடித்து முடித்த ஈய எழுத்துகளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து அதனதன் அறையில் போட வேண்டும். எத்தனை சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு, "ரேசன் கடைலயா கண்ணு வேலை?" என்று கேட்டது. ஆமாங்க என்று சொல்லிவிட்டேன். இல்லை என்று ஆரம்பித்தால் மேற்கொண்டு பேச வேண்டியிருக்குமே. அப்புறம் அந்த அம்மா தினமும் அதே பஸ்ஸில் வந்து, சக்கரை எப்போது போடுவார்கள் என்று கேட்கும். நானும் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். என் சுபாவம் இப்படி. உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

பத்தாவதோடு படிப்பு நின்று, இருபது வயதில் அந்த வேலைக்குப் போனேன். மொதலாளி வேலுச்சாமி அண்ணன் நல்ல மனிதர். ஒரே மிஷின், காலால் மிதிக்கிற டிரெடில். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாம் அதில்தான். தேர்தல் வந்தால் கட்சி நோட்டீஸ்கள். கல்யாணப் பத்திரிகையில் மாமன் பெயரைக் கீழே போட்டுவிட்டால் மாமன் கல்யாணத்துக்கு வரமாட்டார், அவ்வளவுதான். கட்சி நோட்டீஸில் ஒரு பெயர் மேலே கீழே ஆகிவிட்டால் சண்டை நேராக அச்சாபீசுக்கு வந்துவிடும். ஒரு தடவை ஒரு வட்டச் செயலாளர் கையில் அடிக்குச்சியோடு வந்து எழுத்தை அளந்தார்.

"அவரு பேரு எம்பேர விட உசரமா இருக்குது."

"அவரு பேர்ல 'வி' வருதுங்க. கொக்கி மேல போகுது. உங்க பேர்ல கொக்கி இல்லீங்களே" என்றார் மொதலாளி.

"அப்ப எனக்கும் ஒரு கொக்கி போட்டுடுங்க."

அவர் போன பிறகு நாங்கள் ஒரு மணி நேரம் சிரித்தோம். சிரித்தாலும், பெயர் வரிசை என்றால் உள்ளுக்குள் பயம்தான். கையெழுத்துத் தாளில் எப்படி இருக்கிறதோ அப்படியேதான் கோக்க வேண்டும் என்பது எங்கள் அச்சாபீசில் எழுதாத சட்டம்.

அந்த நாளில்தான் சூசை சார் வந்தார். ஒல்லியான உடம்பு, தோளில் ஜோல்னாப் பை. அடித்து மிச்சமான நோட்டீஸ், எந்தக் கட்சியுடையது ஆனாலும், ஒன்றே ஒன்று கொடுப்பீர்களா என்று கேட்டார். மொதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனுங்க, நீங்க சி.ஐ.டி.ங்களா?"

"காலேஜ்ல சரித்திர வாத்தியாருங்க. செத்தவங்களப் பத்தி மட்டுந்தான் துப்பறியறது."

மொதலாளிக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து சுவர் ஆணியில் ஒரு கம்பியைக் கட்டித் தொங்கவிட்டோம். எது அடித்தாலும் ஒன்றை அதில் குத்திவைப்பது என் வேலை. சனிக்கிழமை பொழுதோட சார் வந்து உருவிக்கொண்டு போவார். உருவும்போதே ஒவ்வொன்றாகப் படிப்பார். படிக்கும்போது பேசுவார். நான் பதில் சொல்லாததால் அவருக்கு என்னிடம் பேசுவது சுலபமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அவர் வால்பாறையில், எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். அப்பாவும் அம்மாவும் கொழுந்து கிள்ளியவர்கள். அந்தக் காலத்தில் சங்கத்துத் தலைவர்கள் யாரும் அந்தக் கொண்டைஊசி வளைவெல்லாம் ஏறி வரமாட்டார்களாம். பஸ்ஸில், காய்கறிக் கூடைக்கு அடியில், நோட்டீஸ் மட்டும் வருமாம். ஒன்று வந்தால் ஒரு லயம் முழுக்கப் படிக்கும். படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு என்பதால் சின்ன வயதிலேயே அவர்தான் எல்லோருக்கும் படித்துக் காட்டுவாராம்.

"மனுசங்க வரலீங்க அம்மணி. தாள்தான் வந்துச்சு" என்பார். "அதனால எனக்கு மனுசங்க சொல்றதுல அவ்வளவா நம்பிக்கை இல்லீங்க. தலைவருங்க வயசானதுக்கப்புறம் தங்களப் பத்தி எழுதுவாங்க. யோசிச்சு எழுதுவாங்க. நோட்டீசுக்கு யோசிக்க நேரமில்லீங்க. இன்னிக்குப் பொழுதோட அடிச்சு நாளைக்குக் காலைல வீசறது. அதுல பொய் சொல்ல முடியாது."

அரசியல் சரித்திரம் என்றால் அதுவரை மாநாடு, மந்திரிசபை, பெரிய தலைவர்களின் பேச்சு, இவ்வளவுதான் இருந்ததாம். சார் அதை விட்டுவிட்டு நோட்டீஸில் பெயர்களைப் படித்தார். போன மாதம் 'முன்னிலை'யில் இருந்தவர் இந்த மாதம் 'நன்றியுரை'க்கு இறங்கியிருக்கிறார் என்றால் நடுவில் என்ன நடந்தது? யார் யாருக்குப் பக்கத்தில் வருகிறார், யார் பெயர் காணாமல் போகிறது? இதை வைத்தே ஒரு வட்டாரத்தின் அரசியலை அவர் எழுதிவிடுவார். அவரிடம் படித்தவர்களும் அதே வழியில் போனார்கள். ஒருவர் அவிநாசித் தேர்த் திருவிழாப் பத்திரிகைகளைப் பல வருடத்துக்குச் சேர்த்து, ஊர்ப் பெரியதனம் எந்தக் குடும்பத்திலிருந்து எந்தக் குடும்பத்துக்கு மாறியது என்று ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினார். இன்னொருவர் பல்லடத்து விசைத்தறிச் சங்கங்கள். வெளியூர்களிலிருந்தெல்லாம் பையன்கள் வந்து எங்கள் கம்பியைப் பார்த்துவிட்டுப் போவார்கள். நான் கோத்த தாள் பல்கலைக்கழகத்துக்குப் போகிறது என்று எனக்கு உள்ளுக்குள் கர்வம். பத்தாவதில் சரித்திரத்தில் முப்பத்தைந்து வாங்கியவள் நான்.

இப்போது அந்த ரோஸ் நோட்டீஸுக்கு வருகிறேன்.

அச்சாபீஸ் தெரு முனையில் இருந்த மில்லில் வேலைநிறுத்தம். சங்கத்துக்காரர்கள் கேட்டு முன்னால் கூட்டம் போட நோட்டீஸ் கொடுத்தார்கள். பேசுகிறவர்கள் ஆறு பேர். இரண்டாவது பெயர் திருமூர்த்தி. அவருக்கு மட்டும் பதவி நீளம், மில் தொழிலாளர் சங்கப் பொதுச்செயலாளர் என்று. கோத்துப் பார்த்தால் குட்டை வரி, நெட்டை வரி, மறுபடி குட்டை வரி என்று கோணலாக இருந்தது. அந்த நெட்டை வரியை எடுத்து அடியில் போட்டேன். மேலே குறுகி, கீழே அகன்று, கோபுரம் மாதிரி நின்றது. எனக்கு அது அழகாகத் தெரிந்தது.

பெயர் வரிசையில் அவ்வளவு பயம் உள்ளவள் எப்படி இதைச் செய்தாய் என்று நீங்கள் கேட்கலாம். கட்சிக்காரர்களின் நோட்டீஸாக இருந்தால் செய்திருக்க மாட்டேன். இது தொழிலாளிகளின் நோட்டீஸ். எங்களுக்குள் மேல் கீழ் கிடையாது என்று தினமும் மைக்கில் சொல்கிறார்களே, அதை நான் நம்பிவிட்டேன்.

ஒரு கட்டு அடித்து முடித்த நேரத்தில் திருமூர்த்தியே வந்தார், கூடச் சங்கப் பொருளாளரும். திருமூர்த்திக்குத் தலைமுடியிலும் புருவத்திலும் எப்போதும் பஞ்சு ஒட்டியிருக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு ஒட்டியிருக்கவில்லை. மில் நின்று பல நாள் ஆகியிருந்தது. பொருளாளர்தான் முதலில் பார்த்தார்.

"என்னங்க இது? செயலாளரக் கொண்டுபோய் அடீல போட்டுப்போட்டீங்க."

எனக்கு உயிரே போய்விட்டது. திருமூர்த்தி நோட்டீஸை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உடுங்க. அடீல இருக்கறவன்தான சுமக்கறவன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பார்க்க நல்லாத்தான் இருக்குதுங்க அம்மணி" என்றார்.

"நல்லா இருக்கறதுக்குக் கோலம் போடச் சொல்லுங்க" என்றார் பொருளாளர். "கேட்டுல நிக்கிற ஆளுங்க என்ன நெனப்பாங்க? உங்கள ஒதுக்கிட்டாங்கன்னு நெனப்பாங்க. மாத்துங்க மொதலாளி."

மொதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் பெயரை இரண்டாவது இடத்துக்கு ஏற்றினேன். அதே ரோஸ் தாளில் மறுபடி முழுக்க அடித்தோம். தப்பான கட்டு, பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே என்று, புரூப் எடுக்கவும் பார்சல் சுற்றவும் ஒதுங்கிவிட்டது. திருத்தினது ஆட்டோவில் ஏறித் தெருத்தெருவாகப் பறந்தது.

ஆனால் முதல் கட்டு அடிக்கும்போதே, வழக்கம்போல, ஒன்றைச் சாருக்காகக் கம்பியில் குத்திவிட்டிருந்தேன். திருத்தினதை எடுத்து அதற்குப் பதிலாகக் குத்த வேண்டும் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை. மறுநாள் சனிக்கிழமை. சார் உருவிக்கொண்டு போய்விட்டார்.

வேலைநிறுத்தம் எப்படி முடிந்தது என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது. மில் திறந்தபோது பாதிப் பேரை உள்ளே விடவில்லை. யாரோ உள்ளுக்குள் பேசி முடித்துவிட்டார்கள் என்று டீக்கடையில் பேச்சு. யார் என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

சில வருடம் கழித்து சாரின் பெரிய புத்தகம் வந்தது. மில் வட்டாரத்தின் அரசியல் முழுக்க நோட்டீஸ்களை வைத்தே எழுதியது. அவரே கொண்டுவந்து அச்சாபீசுக்கு ஒன்று கொடுத்தார். நன்றி சொல்லும் இடத்தில் 'பெயர் சொல்ல விரும்பாத ஓர் அச்சுக்கோப்பாளர்' என்று போட்டிருந்தது. அது நான். பெயர் வேண்டாமுங்க என்று நான்தான் கெஞ்சியிருந்தேன். வீட்டுக்கு எடுத்துப்போய், புரிந்தும் புரியாமலும் படித்தேன். நடுவில் ஒரு பத்தி. கேட்டுக் கூட்டத்தின் நோட்டீஸில் பொதுச்செயலாளர் கடைசிக்குத் தள்ளப்பட்டிருக்கிறார், அதற்கு முன்பே அவர் நிர்வாகத்தோடு பேசத் தொடங்கியிருக்க வேண்டும், சங்கத்துக்கும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று சார் எழுதியிருந்தார்.

பாருங்கள், 'வேண்டும்' என்றுதான் எழுதினார். அவர் கவனமான மனிதர். அடுத்துச் சாரைப் பார்த்து எழுதியவர்கள் 'பேசினார்' என்று எழுதினார்கள். அதைப் பார்த்து எழுதியவர்கள் 'காட்டிக்கொடுத்தார்' என்று எழுதினார்கள். மூன்று புத்தகத்தில் இருப்பது மூன்று சாட்சி மாதிரி ஆகிவிட்டது. எல்லாம் என் கோபுரத்திலிருந்து வந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைப்பேன். சார் வந்து நோட்டீஸை உருவிக்கொண்டிருப்பார். எழுத்தைப் பிரித்துப் போடுகிற மாதிரி குனிந்துகொள்வேன். அவ்வளவு படித்தவரிடம், ஊரெல்லாம் மெச்சுகிற புத்தகத்தில் தப்பு இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

சொல்லுகிற சந்தர்ப்பம் தானாகவே வந்தது. ஒரு நாள், சனிக்கிழமை இல்லை, சார் காலையிலேயே வந்தார். கையில் அந்த ரோஸ் நோட்டீஸும் ஒரு போஸ்ட் கார்டும்.

"அம்மணி, இது நீங்க குடுத்ததுதானுங்களே?"

தலையாட்டினேன்.

"இது தப்பா அடிச்சு ஒதுக்கினது, வெளியவே வரலைன்னு திருமூர்த்தி பல்லடத்துல இருந்து எழுதியிருக்காரு. அப்பிடிங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மொதலாளி மிஷினை மிதித்தபடியே சொன்னார். "நம்ம ஆபீசுலீங்களா சார்? தப்பா அடிச்சு ஒதுக்கறதாவது. வாரவங்க தாள்ல எப்பிடிக் கொண்டாராங்களோ அப்பிடித்தான் கோக்கறது. ஏம்மணி?"

தேர்தல் வரப்போகிற நேரம் அது. எங்கள் அச்சாபீசில் பெயர் வரிசை தப்பும் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் ஒரு கட்சிக்காரன் படியேற மாட்டான். மொதலாளியை நான் குறை சொல்லவில்லை. அவர் தன் பிழைப்பைச் சொன்னார். சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மிஷின் டடக் டடக் என்று ஓடிக்கொண்டிருந்தது. சார் காத்திருந்தார். கடைசியில், "சரிங்க" என்று சொல்லி, போஸ்ட் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தால் பஸ் ஸ்டாப் தெரியும். அவர் அங்கே ரொம்ப நேரம் நின்றார். அன்றைக்கென்று பஸ் வரவேயில்லை. ரோட்டைத் தாண்டிப் போனால் போதும், இருபது அடி. பஸ் வந்து அவர் ஏறுகிற வரைக்கும் நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் காலம் ஓடியது. டிரெடில் போய், மொதலாளியும் போய்ச் சேர்ந்தார். நான் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, பிறகு ஒரு ஜெராக்ஸ் கடை என்று இருந்தேன். மொதலாளியின் கருமாதி முடிந்த வாரம், துணிச்சல் வந்து, சார் வீட்டுக்குப் போனேன். சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு, உள்ளே நடக்க வழியில்லாமல் தாள் கட்டுகள். சாருக்குப் பக்கவாதம் வந்து வலதுகை விழுந்திருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியது அன்றைக்குத்தான். அவர் மனைவியை விட்டு வேலைநிறுத்த நோட்டீஸ் கட்டை எடுத்து வரச் சொல்லி, ரோஸ் தாளை மடியில் வைத்துப் பார்த்தார்.

"திருத்தினது ஒண்ணாச்சும் எங்கியாச்சும் இருக்குதுங்களா?"

"இல்லீங்க சார். எல்லாம் வீசிட்டாங்க."

"ம். வீசினது போயிருச்சு. வீசாதது என்றகிட்ட இருக்குது." நோட்டீஸைப் புரட்டிப் பார்த்தார். "ஆளுங்க சொன்னா நம்பாத ஆளு நானு. பசங்களுக்கும் அதயேதான் சொல்லிக்குடுத்துப்போட்டேன். இப்ப நீங்க சொல்றீங்க. நான் நம்பறேன். அவங்கள எப்பிடிங்க நம்ப வெக்கிறது?"

பிறகு பென்சிலை இடது கையில் பிடித்து, நோட்டீஸின் பின்பக்கத்தில், நடுங்கி நடுங்கி எழுதினார். இது தெருவுக்குப் போகாதது, கோத்தவரே சொன்னார், அடுத்த பதிப்பில் திருத்த வேண்டும் என்று. அதை எழுதி முடிக்க அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

"அன்னிக்கு ஏனுங்க சொல்லல?" என்று கேட்டார்.

"மொதலாளி இருந்தாருங்க."

"ஆமா" என்றார். "இருந்தாரு." பென்சிலைக் கீழே வைத்தார். சார் உயிரோடு இருந்தவரை அடுத்த பதிப்பு வரவில்லை.

இதையெல்லாம் அம்சவேணியிடம் சொன்னேன். திருமூர்த்தியின் மகள் பெயர் அதுதான். பென்சிலில் எழுதியதைச் சொன்னதும் அவள் முகம் மாறியது. உடனே போனில் ஒரு நம்பரைத் தேடினாள். சாரின் மாணவர் ஒருவர், இப்போது பேராசிரியர். அவர்தான் புத்தகத்தைத் திரும்பக் கொண்டுவருகிறார், நோட்டீஸ் படத்தை அவளுக்கு அனுப்பியதும் அவர்தான். ஸ்பீக்கரில் போட்டு என்னிடம் கொடுத்தாள். நான் திக்கித் திணறிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"அம்மா, நீங்க சொல்றத நான் நம்பறேன். ஆனா சார் எழுதினத நான் எப்படிம்மா திருத்தறது? ஒரு ஆதாரம் இருந்தா அடிக்குறிப்புல போட்டுடலாம்."

"பின்னாடி சாரே எழுதியிருக்காருங்க. பென்சில்ல."

"நாங்க ஸ்கேன் பண்ணினது முன்பக்கம் மட்டும்தாம்மா. பின்னாடி வெறும் தாள்னுதான் நெனச்சோம்."

"அந்தத் தாளு இப்ப எங்கீங்க இருக்குது?"

"ஸ்கேன் முடிஞ்சு ஒரு ரூம்ல வெச்சிருந்தோம்மா. மழைக்கு ஒழுகி, எல்லாம் ஒட்டிப் பாளம் பாளமா ஆயிருச்சு. பிரிக்க முடியல. கழிச்சுக் கட்டிட்டாங்க. எனக்கும் வருத்தந்தான்."

அம்சவேணி போனை வாங்கி, "சரிங்க சார், நெம்ப நன்றிங்க" என்று சொல்லி வைத்தாள். டீ போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, டம்ளரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எங்கப்பா பல்லடத்துல ஒரு கோழிப்பண்ணைல வாட்ச்மேனா இருந்தாருங்க. பழைய ஆளுங்க ஒருத்தரும் வந்து பாக்கல. அவரும் போகல. சிங்காநல்லூர் பஸ்சுல ஏறவே மாட்டாரு. நீங்க அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே அக்கா."

கோபத்திலும் அவள் 'ங்க'வை விடவில்லை. விட்டிருந்தால், ஏன்டி சொல்லவில்லை என்று கத்தியிருந்தால், எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

போன வாரம் புத்தகம் வந்துவிட்டது. அம்சவேணி என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு மண்டபத்தில் விழா. சாரைப் பற்றி எல்லோரும் நன்றாகப் பேசினார்கள். சாதாரண மனிதர்களின் பக்கம் நின்று அரசியலை எழுதியவர் என்று ஒருவர் சொன்னபோது கைதட்டல் ரொம்ப நேரம் நீடித்தது. நானும் தட்டினேன். அது உண்மைதானே. வெளியே வந்து, படிக்கட்டில் நின்று, அம்சவேணி அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். பத்தி அப்படியே இருந்தது. நல்ல தாள், நல்ல அச்சு. எதிர்ப் பக்கத்தில் புதிதாக, என் நோட்டீஸின் படம், கலரில்.

திரும்பும்போது அவள் வண்டியைச் சிங்காநல்லூருக்கு விட்டாள். மில் இருந்த இடத்தைக் காட்டச் சொன்னாள். அச்சாபீஸ் இருந்த இடத்தில் போன் கவர் கடை. மில் கேட்டு இருந்த இடத்தில் வேறு கேட்டு, பெரியது, தானாகத் திறக்கிறது. உள்ளே பதினான்கு மாடிக் குடியிருப்பு. நாங்கள் நிற்பதைப் பார்த்து வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

"யாரப் பாக்கணுமுங்க?"

"இங்க மில்லு இருந்துச்சுங்களே" என்றாள் அம்சவேணி. "எங்கப்பா அதுல வேலை செஞ்சாருங்க."

அவருக்கு அது புரியவில்லை. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டார். "எந்த பிளாக்குங்க?"

நாங்கள் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றோம். இந்த இடத்தில்தான் ஆட்டோவிலிருந்து திருத்தின நோட்டீஸைக் கை கையாக வீசினார்கள். நான் அச்சாபீஸ் வாசலில் நின்று பார்த்தேன். ரோடே ரோஸாக இருந்தது. அன்றைக்கு இங்கே நின்ற அத்தனை பேரும் திருமூர்த்தியை இரண்டாவது பெயராகத்தான் படித்தார்கள். படித்துவிட்டு, டீக்கடையில் அதன் மேலேயே போண்டாவை வாங்கி, தின்று, எண்ணெய்க் கையைத் துடைத்து, கசக்கிப் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போனார்கள். நோட்டீஸ் என்றால் அதற்குத்தானே. ஒருவர்கூட மடித்துப் பைக்குள் வைக்கவில்லை.